நர்சம்மாவுக்குத் தெரிந்த பெயர்

எங்கள் ஊர் நர்சம்மா எதைச் செய்வதற்கு முன்பும் கேட்பார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ள வரட்டுங்களா?" என்பார். கதவு திறந்துதான் கிடக்கும். அவரை அழைத்துவரச் சொல்லி ஆள் அனுப்பியதே நாமாகத்தான் இருக்கும். இருந்தாலும் கேட்பார். கர்ப்பிணியின் வயிற்றில் கை வைக்கும் முன், "தொடட்டுமா?" கைக்குழந்தைக்கு ஊசி போடும் முன் அந்தக் குழந்தையிடமே, "சாமி, குத்தட்டுமா?" அது பொக்கை வாயைத் திறந்து சிரிக்கும். அடுத்த நொடி வீரிட்டு அழும். சம்மதம் வாங்கித்தானே குத்தினேன் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு பஞ்சை அழுத்துவார்.

இந்த வழக்கத்தைக் கேலி செய்யாதவர்கள் ஊரில் கிடையாது. "நர்சம்மா மூச்சு விடணும்னாகூட பக்கத்து வூட்டுல பர்மிசன் கேக்கும்" என்று என் கணவரே சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள், எனக்குச் சிரிப்பு வராது. அந்த வழக்கம் எங்கே தொடங்கியது என்பது ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரே ஒரு காரியத்தை அவர் கேட்காமல் செய்தார். அது என் தலைப்பிள்ளைக்குச் செய்தது.

குன்னம் பக்கத்தில், பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் மழையை நம்பி விளைகிற ஒரு ஊரில் நான் கிளை அஞ்சலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். போஸ்டம்மா என்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சுலபத்தில் மன்னிக்கிற ரகமும் இல்லை. இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் ஓரிடத்தில் என்னை நல்லவள் என்று நினைத்துவிடுவீர்கள்.

நர்சம்மாவுக்குச் சொந்த ஊர் வரதராசன்பேட்டை. வழிவழியாகக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா வாத்தியார், ஒரு தங்கை. எங்கள் ஊர் சுகாதார சப்-சென்டருக்கு வந்தபோது முப்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று விசாரித்த பெண்களிடம், "வந்தவங்களுக்கு என்னப் புடிக்கல, புடிச்சவங்க வரல" என்று சொல்லிவிட்டு ரத்த அழுத்தம் பார்க்கத் தொடங்கிவிட்டார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு மரச்சிலுவை. அதை ரவிக்கைக்குள் போட்டிருப்பார். குனிந்து வேலை செய்யும்போது வெளியே வந்து ஆடும், உள்ளே தள்ளிக்கொள்வார். யாரிடமும் காட்டிக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை, மறைக்க வேண்டும் என்றும் இல்லை.

மருந்து கொடுத்து முடித்ததும் கடைசியாக ஒரு கேள்வி இருக்கும். "உங்களுக்காக ஒரு ஜெபம் சொல்லட்டுங்களா?" வேண்டாம் என்றால் "சரிங்க". முகம் சுருங்காது, மறுநாள் வருவது நிற்காது. சொல்லுங்கள் என்றால் கண்ணை மூடி இரண்டே வரி. "ஆண்டவரே, இவங்கள முழங்கால் தூங்க விட மாட்டேங்குது. கொஞ்சம் பாத்துக்கங்க." அதைக் கேட்டால், பக்கத்தில் நிற்கிற தெரிந்த ஆளிடம் சொல்வதுபோல இருக்கும். உங்கள் சாமி எங்கள் முழங்காலை எல்லாம் கவனிப்பாரா என்று ஒருவர் சீண்டியபோது, "எனக்குத் தெரிஞ்சவரு அவருதாங்க. தெரிஞ்சவருகிட்டதானே சொல்ல முடியும்" என்றாராம்.

வெங்காய வியாபாரி ஒருவர் இருந்தார். அவருடைய அம்மா இடுப்பு முறிந்து படுத்த படுக்கையாகி, முதுகில் புண் வந்துவிட்டது. நர்சம்மா தினமும் வேலை முடிந்து போய் அந்தப் புண்ணைக் கழுவிக் கட்டுவார். அது அவர் வேலையில் சேராத வேலை. வியாபாரி முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், கட்டு மட்டும் போடுங்கள், ஜெபம் கிபம் எங்கள் வீட்டில் ஆகாது என்று. சரிங்க என்றார். இரண்டு மாதம் அந்த வீட்டில் அவர் உதடு அசையவில்லை. ஒருநாள் அந்தக் கிழவியே கேட்டிருக்கிறது, "ஏண்டி, எல்லா வூட்லயும் என்னமோ சொல்றியாமே, எங்கிட்ட மட்டும் ஏன் வாயக் கட்டிக்கிட்டு கெடக்குற?"

வேறு யாராக இருந்தாலும் அதுவே போதும் என்று ஆரம்பித்திருப்பார்கள். நர்சம்மா கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்து, மண்டிக்குப் போயிருந்த மகனுக்காக முக்கால் மணி நேரம் நின்றார். அவர் வண்டியை நிறுத்தியதும், அம்மா கேட்கிறார்கள், சொல்லட்டுமா என்றார். அந்த மனுஷன், "என் காதுல விழாம சொல்லிட்டுப் போங்க" என்றார். பிறகு அவரே கதவோரம் நின்று கேட்டாராம். அம்மா போனபின், பதிவுத் தபால் அனுப்ப வந்த ஒரு நாளில் இதை அவரே என்னிடம் சொன்னார். அவர் மதம் மாறவில்லை. வருஷம் தவறாமல் கல்லங்குறிச்சிப் பெருமாள் தேருக்குப் போகிறவர், இப்போதும் போகிறார். ஆனால் நர்சம்மா தெருவில் வந்தால் வண்டியை ஓரங்கட்டி நிற்பார்.

இனி என் விஷயம்.

எனக்குக் கல்யாணமான மறுவருஷம், எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. நான்கு நாளாக விடாத மழை. கரிசல் மண், வண்டி மாட்டினால் ஆளை இறக்கிவிட்டுத்தான் வெளியே வரும். பெரம்பலூர் போக நினைத்தும் முடியாமல், சப்-சென்டரிலேயே பகல் பதினோரு மணிக்குப் பையன் பிறந்தான். அழவில்லை. உடம்பு நீலம் பாரித்திருந்தது. என் கணவர் கார் பிடிக்க மெயின் ரோட்டுக்கு ஓடினார். உடன் வந்திருந்த என் மாமியார் வெந்நீருக்காக வெளியே போனார். எனக்கு உதிரப்போக்கு, நினைவு வந்து வந்து போனது. நர்சம்மா பிள்ளையின் வாயில் தன் வாயை வைத்து ஊதிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் எதுவும் ஞாபகம் இல்லை. கார் வந்தது. குன்னத்தைத் தாண்டுவதற்குள் நர்சம்மா மடியிலேயே பிள்ளை போய்விட்டது.

எங்களில் பெயர் வைக்கிற நாளுக்கு முன்னால் போகிற பிள்ளைக்குக் காரியம் கிடையாது, படையல் கிடையாது. ஏரிக்கரையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து குளித்தார்கள். எந்த இடம் என்று எனக்குக் காட்டவில்லை, காட்டக் கூடாதாம். ஆறுதல் சொல்ல வந்தவர்கள், "அது போச்சு, இன்னொண்ணு பொறக்கும்" என்றார்கள். என் பிள்ளை எல்லோருக்கும் 'அது' ஆகிவிட்டிருந்தான்.

முப்பது நாள் கழித்து ஒரு மதியம் நர்சம்மா வந்தார். கணவர் வயலில் இருந்தார், நான் தனியாக இருந்தேன். மொபெட்டைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு வாசலில் நின்று, உள்ளே வரட்டுமா என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதுவரை எல்லா நர்சுகளையும்போல விறுவிறுவென்று வருகிறவர்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உங்களக் கேக்காம ஒண்ணு செஞ்சிட்டேங்க" என்றார். "தம்பி பொழைக்க மாட்டான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. டம்ளர் தண்ணிய எடுத்துத் தலையில ஊத்தி ஞானஸ்நானம் குடுத்துட்டேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே விளக்கினார். சாகக் கிடக்கிற குழந்தைக்குச் சர்ச்சிலிருந்து சாமியார் வரும்வரை காத்திருக்க முடியாது என்றால், அங்கே இருக்கிற யாராவது தண்ணீர் ஊற்றிப் பெயர் சொல்லி அதைக் கடவுளின் பிள்ளை ஆக்கலாமாம். அவர்கள் ஊரில் பிரசவம் பார்க்கிற பெண்கள் எல்லோருக்கும் அது கைப்பழக்கமாம். அவருக்கும் பழக்கத்தில் கை போய்விட்டது. செய்து முடித்தபிறகுதான், இது யார் வீட்டுப் பிள்ளை என்று உறைத்திருக்கிறது. தன் ஊரில் சாமியாரிடம் போய்ச் சொன்னாராம். நல்ல எண்ணத்தில்தானே செய்தாய், அவர்களிடம் சொல்லி ஏன் புண்ணைக் கிளறுகிறாய் என்றாராம் அவர். சொல்லாமல் இருக்க இவரால் முடியவில்லை.

என் வாயிலிருந்து என்னவெல்லாம் வந்தது என்று இப்போது எழுதக் கூசுகிறது. செத்த பிள்ளையைக்கூட எனக்கு விட்டுவைக்க மாட்டீர்களா, ஆள் சேர்க்க உங்களுக்கு உயிரோடு யாரும் கிடைக்கவில்லையா என்று கத்தினேன். கையில் இருந்த சொம்பை விட்டெறிந்தேன். அவர் தோளில் பட்டு விழுந்தது. அவர் நகரவில்லை.

"ஏன் செஞ்சீங்க?"

"அவன் தனியாப் போவக் கூடாதுன்னு நெனச்சேங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேக்காம செஞ்சது தப்பு. ஆனா, செஞ்சதே தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க. பொய் சொல்லி மன்னிப்பு கேக்கக் கூடாதுல்ல. மேலிடத்துக்கு மனு எழுதறதா இருந்தா எழுதுங்க. நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்."

பெயர் வைத்தீர்களா என்று கேட்டேன். வைத்தேன் என்று தலையசைத்தார். உதடு திறந்தது. என் பிள்ளைக்கு நான் வைக்காத பெயரை இன்னொருத்தி வாயால் கேட்க என்னால் முடியவில்லை.

"சொல்லாதீங்க. எங்கிட்டயும் சொல்லக் கூடாது, வேற யார்கிட்டயும் சொல்லக் கூடாது. நானாக் கேக்குற வரைக்கும் அந்தப் பேரு உங்க வாயில வரக் கூடாது."

"சரிங்க" என்றார். பிறகு மெதுவாக, "மனசுக்குள்ள சொல்லிக்கலாங்களா?"

உங்கள் மனதுக்குள் நடக்கிறதுக்கு நானா காவல் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

மனு எழுதினேன். நான்கு பக்கம். தலைப்புப் போட்டு, முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி, என் அலுவலக மேசை இழுப்பறையில் வைத்தேன். மறுநாள் தபால் பையில் போட வேண்டியதுதான். போடவில்லை. இரக்கத்தினால் என்று நினைக்க வேண்டாம். போட்டால் விசாரணை வரும், விசாரணை வந்தால் என் கணவருக்கும் ஊருக்கும் தெரியும், ஆளுக்கு ஒரு வாய் என் பிள்ளையைப் பேசும். ஒரு வருஷம் கழித்து இன்னொரு காரணமும் சேர்ந்தது. நான் மறுபடி உண்டாகியிருந்தேன். சுற்று வட்டாரத்தில் நம்பி வயிற்றைக் காட்ட வேறு ஆள் கிடையாது.

அந்தப் பத்து மாதமும் அவர் என்னைத் தொடும் ஒவ்வொரு தடவையும் கேட்டார். ஜெபத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. ஊரில் எல்லோரிடமும் கேட்கிற அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. வலி எடுத்து, பெரம்பலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது நானே, "வேணும்னா சொல்லிக்குங்க, சத்தம் போடாம" என்றேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். பெண் பிறந்தாள். நல்லபடியாக வளர்ந்து, படித்து, திருச்சியில் வேலையில் இருக்கிறாள். அவளுக்குப் பெயர் வைத்த அன்று சிறுவாச்சூருக்குப் போய்ப் பொங்கல் வைத்தோம். நர்சம்மாவுக்கும் சொல்லி அனுப்பினேன். வந்தார். கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, நாங்கள் சாமி கும்பிட்டு வரும்வரை உட்கார்ந்திருந்தார்.

சில வருஷம் முன்பு ஊரில் ஒரு புகைச்சல் கிளம்பியது. நர்சம்மா மருந்து கொடுக்கிற சாக்கில் மதம் மாற்றுகிறார் என்று டவுனிலிருந்து வந்த நாலைந்து பேர் வீடு வீடாக விசாரித்தார்கள். அஞ்சலகத்துக்கும் வந்தார்கள். உங்களிடம் எப்போதாவது ஏதாவது செய்திருக்கிறாரா, நீங்கள் படித்தவர், எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதியது அவர்களுக்கு ஒரு கை தூரத்தில் இழுப்பறையில் கிடந்தது. என் சாட்சி ஒன்று போதும், அவர் வேலை அன்றோடு போயிருக்கும்.

"அந்தம்மா கேக்காம எதுவும் செய்யாதுங்க. ஊருல யார வேணா கேட்டுப் பாருங்க" என்றேன்.

அவர்கள் போனதும் மனுவை எடுத்துக் கிழித்தேன். மாலையில் நர்சம்மா வந்தார். செய்தி எட்டியிருந்தது. "எனக்காகப் பொய் சொன்னீங்களாமே. வேணாங்க, நான் போய்ச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டார். அவர் போய்ச் சொல்லக்கூடிய ஆள்தான். எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்காக இல்லை, என் பிள்ளைக்காகச் சொன்னேன், அவன் கதையை ஊர் வாயில் போட நான் தயாராக இல்லை என்றேன். பாதி உண்மை. மீதி பாதியை என்னிடமே நான் ஒப்புக்கொள்ளவில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே அந்தப் பெயரைக் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. இருபது வருஷம் வீம்பு பிடித்தவளுக்கு அவ்வளவு சீக்கிரம் வாய் வருமா? பிறகு கொரோனா ஊசி போட்ட வரிசையில், என் கையைப் பிடித்து "குத்தட்டுங்களா?" என்றபோது ஒருமுறை தோன்றியது. பின்னால் நாற்பது பேர் நின்றார்கள்.

ஓய்வு பெற்ற அன்று ஊரே சேர்ந்து அவருக்குச் சால்வை போட்டது. கிளம்பும் முன் அஞ்சலகத்துக்கு வந்தார். நான் ஒரு பார்சலை எடை போட்டுக்கொண்டிருந்தேன். முடிகிற வரைக்கும் நின்றார். ஊருக்கே போகிறேன், தங்கையோடு இருக்கப் போகிறேன் என்றார். "போயிட்டு வரட்டுங்களா?" என்றார்.

வழக்கமான கேள்விதான். ஆனால் கேட்டுவிட்டு, வேண்டியதற்கு மேல் சற்று நேரம் நின்றார். எதற்காக நின்றார் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நான் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்லா இருங்க" என்றேன்.

அதன்பின் அவரைப் பார்க்கவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து அவர் தங்கை போன் செய்தார். அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார், அடக்கம் முடிந்து பத்து நாளாகிறது, போனில் போஸ்டம்மா என்று உங்கள் நம்பர் இருந்தது, அதனால் சொல்கிறேன் என்றார். போனை வைத்துவிட்டு அஞ்சலகத்தைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன். யாருக்காக அழுகிறேன் என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. அவருக்காகவும்தான். கேட்காமல் விட்ட அந்தப் பெயருக்காகவும்தான்.

கல்லறைத் திருநாளன்று வரதராசன்பேட்டைக்குப் போனேன். அரியலூரில் இறங்கி ஆண்டிமடம் பஸ் பிடித்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர மாலையாகிவிட்டது. கல்லறைத் தோட்டம் திருவிழாப்போல இருந்தது. கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, சாமந்திப்பூ வைத்து, மெழுகுத்திரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தங்கை என்னை முன்பின் பார்த்திராவிட்டாலும், நான் தேடி நின்ற தோரணையிலேயே கண்டுகொண்டு கையைப் பிடித்து அழைத்துப்போனார். அப்பாவின் கல்லறை, அம்மாவின் கல்லறை, பக்கத்தில் இன்னும் சிமெண்ட் பூசாத மண்மேடாக நர்சம்மா. அதையடுத்து ஒரு முழ இடம் சும்மா கிடந்தது. புல்லைச் செதுக்கிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். மேடில்லை, சிலுவை இல்லை.

மூன்று இடத்திலும் திரி ஏற்றிவிட்டு, நான்காவதாக ஒரு திரியை அந்த வெறுந்தரையில் நட்டார் தங்கை.

"இது யாருக்குன்னு எங்களுக்குத் தெரியாதுங்க" என்றார். "அக்கா வருசா வருசம் ஏத்தும். கேட்டா, அத சொல்ல எனக்கு உத்தரவு இல்ல, அவங்கம்மா கேட்டாதான் சொல்லணும்னு சொல்லும். சாவற வரைக்கும் சொல்லல. நாங்க விட்டுடக் கூடாதேன்னு ஏத்துறோம்."

என்னிடம் கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றிவிட்டார். இருபத்து மூன்று வருஷம் ஒரு பெயரை வாய்க்குள்ளேயே வைத்திருந்து, தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் சொன்ன சொல்லைத்தான் கேட்டார். வேறு யாரைக் குறை சொல்வது?

தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். காற்றில் இரண்டு குச்சி அணைந்தது. தங்கை முந்தானையை விரித்துக் காற்றை மறைத்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்ச பிள்ளைங்களா?" என்று கேட்டார்.

"என் பையன்" என்றேன். இத்தனை வருஷத்தில் வெளி மனுஷர் யாரிடமும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. எனக்கு ஒரு பையன் இருந்தான் என்று என் மகளுக்கேகூடத் தெரியாது.

அவர் அப்படியே என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்துகொண்டிருந்தார்.

"தம்பி பேரச் சொன்னா, சாமியாருகிட்ட சொல்லி ஜெபிக்கச் சொல்லலாங்க. பேரு என்ன?"

மூன்றாவது குச்சியில் திரி பற்றிக்கொண்டது. அது நின்று எரியும்வரை கையை எடுக்காமல் இருந்தேன்.

"பேரு உங்க அக்காவுக்குத் தெரியுங்க" என்றேன்.